டிராம் நிலையம் முதல் வீட்டு இன்வெர்ட்டர் வரை

இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மின்சாரம். அதிலும் சிறப்பாக, கரண்டு நின்றுபோனால் பாட்டரியிலிருந்து விளக்கையும் விசிறியையும் ஓட்டுகிறதே, அந்த இன்வெர்ட்டர் பெட்டியைப் பற்றியது. லயத்து வீடுகளிலும் தோட்டத்தை விட்டு வெளியேறிக் கட்டிக்கொண்ட சிறு வீடுகளிலும் இன்று இந்தப் பெட்டி வந்துவிட்டது. பெட்டியை வாங்குவது எளிது. அதிலிருந்து வீட்டுக்குக் கம்பி இழுப்பதில்தான் உயிர் இருக்கிறது. அதை எப்படிச் செய்யவேண்டும், எப்படிச் செய்யக்கூடாது என்று ஒரு பட்டியலைப் படித்துவிட்டுப் போகலாம். ஆனால் காரணம் தெரியாத கட்டளை மனத்தில் தங்காது. ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள நாம் சிங்கப்பூருக்குச் செல்வோம். ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து பாலத்தைக் கடந்தால் வந்துவிடும் ஊர். அங்குள்ள தேக்காவும் சிராங்கூன் சாலையும் நம்மவர்களுக்குப் புதியவை அல்ல.

சிங்கப்பூர்த் தெருக்களில் முதலில் எரிந்தது தேங்காய் எண்ணெய் விளக்கு. 1824இல் அது ஏற்றப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1864இல், காலாங் எரிவாயு ஆலையிலிருந்து குழாய் வழியே வந்த வாயு தெரு விளக்குகளை எரித்தது. அதற்கும் நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றுப் பின்னர், 1906ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6ஆம் நாள், ராஃபிள்ஸ் பிளேஸ், நார்த் பிரிட்ஜ் சாலை, போட் கீ ஆகிய இடங்களில் மின்விளக்குகள் முதன்முதலாகத் தெருவுக்கு ஒளி தந்தன.

அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? இன்று லிட்டில் இந்தியா என்று அழைக்கப்படும் வட்டாரத்தின் ஓரத்திலிருந்துதான். சிராங்கூன் சாலையின் தொடக்கத்தை ஒட்டி மெக்கன்சி சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. அங்கே மின்சார டிராம் வண்டிகளை ஓட்டுவதற்காக ஒரு கம்பெனி தன் மின் நிலையத்தை வைத்திருந்தது. 1905இல் டிராம்கள் ஓடத் தொடங்கின. சிராங்கூன் சாலை வழியாகவும் அவை சென்றன. நகராண்மையிடம் அப்போது சொந்த மின் நிலையம் இல்லை. ஆகவே டிராம் கம்பெனியிடம் மொத்தமாக மின்சாரம் வாங்கி ஊருக்கு விநியோகித்தது.

இந்த இடத்தில் ஒன்றை நினைத்துப் பார்க்கவேண்டும். சாலையைத் தோண்டியவர்கள், கம்பி புதைத்தவர்கள், குழாய் பதித்தவர்கள், சாக்கடை சுத்தம் செய்தவர்கள் யார்? சிங்கப்பூர் நகராண்மையின் கூலியாட்களில் மிகப் பலர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியவர்கள். தோட்டங்களுக்கு வந்த அதே கப்பலில், அதே ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஒருவர் பால்மரக் காட்டுக்கு வந்தார், மற்றவர் நகரத்து மண்ணைத் தோண்டப் போனார். ஆகவே சிங்கப்பூரின் மின்சார வரலாறு நமக்கு அந்நியமான வரலாறு அன்று.

ஆனால் வெளிச்சம் எல்லோருக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. மலாயாத் தோட்டங்களில் துரை பங்களாவும் ஆலையும் ஜெனரேட்டர் வெளிச்சத்தில் இருந்தபோது, லயங்களில் மண்ணெண்ணெய் விளக்குதான் நெடுங்காலம் எரிந்தது. பிற்காலத்தில் லயத்துக்கு கரண்டு வந்த தோட்டங்கள் பலவற்றிலும் அது மாலையில் சில மணி நேரம் மட்டுமே இருந்தது. இரவில் ஜெனரேட்டர் நின்றால் பிள்ளைகளின் படிப்பும் நின்றது. அதனால்தான் கரண்டு நின்ற பிறகும் விளக்கு எரிய வழி சொல்லும் பெட்டியைக் கண்டால் நம் குடும்பங்களுக்கு ஆசை பிறக்கிறது. ஆசை நியாயமானதே. அபாயமும் உண்மையானதே.

இனி மின்சாரத்தின் இரண்டு வகைகளைப் பார்ப்போம். ஒன்று நேர்மின்னோட்டம். டி.சி. என்பார்கள். வாய்க்காலில் நீர் ஒரே திசையில் ஓடுவதுபோல் அது ஓடும். பாட்டரியிலிருந்து வருவது இதுதான். மற்றொன்று மாறுமின்னோட்டம். ஏ.சி. என்பார்கள். மரம் அறுக்கும்போது இருவர் ஆளுக்கொரு பக்கம் நின்று நீண்ட வாளை மாறி மாறி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏ.சி. அப்படித்தான் முன்னும் பின்னுமாக ஆடும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அது ஒரு விநாடிக்கு 50 முறை இப்படிப் போய்வருகிறது. வீட்டில் அதன் அழுத்தம் 230 வோல்ட்.

டிராம் வண்டிகளுக்கு டி.சி.தான் ஏற்றது. ஆனால் டி.சி.யை அந்தக் காலத்தில் நெடுந்தொலைவு கொண்டுபோக முடியவில்லை. குறைந்த அழுத்தத்தில் தொலைவு செல்லச் செல்ல, கம்பியின் சூட்டிலேயே பாதி சக்தி போய்விடும். ஏ.சி.யை டிரான்ஸ்ஃபார்மர் என்னும் கருவியால் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தித் தொலைவுக்கு அனுப்பலாம். வீட்டு வாசலில் மறுபடியும் இறக்கிக்கொள்ளலாம். அமெரிக்காவில் எடிசன் 1882இல் நியூயார்க் நகரில் டி.சி. நிலையம் தொடங்கினார். ஆனால் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் வெஸ்டிங்ஹவுசும் டெஸ்லாவும் முன்னிறுத்திய ஏ.சி.யே வென்றது.

சிங்கப்பூரும் அதே வழியில் சென்றது. 1927இல் கேப்பல் துறைமுகத்துக்கு அருகில் செயிண்ட் ஜேம்ஸ் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நிலக்கரியால் ஓடிய இதுதான் நகராண்மையின் முதல் சொந்த மின் நிலையம். அதே ஆண்டில் டிராம்களும் மறைந்து, டிராலி பஸ்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. செயிண்ட் ஜேம்ஸ் நிலையம் 1976 வரை மின்சாரம் தந்தது. 2009இல் அந்தக் கட்டடம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இடையே 1950களில் பாசிர் பாஞ்சாங்கில் மற்றொரு மின் நிலையம் எழுந்தது. 1963இல் மின்சாரம், நீர், எரிவாயு மூன்றையும் பொறுப்பேற்கப் பொதுப் பயனீட்டுக் கழகம் அமைக்கப்பட்டது. மின்சார வேலை 1995இல் சிங்கப்பூர் பவர் நிறுவனத்துக்கு மாறியது. 2001 முதல் எரிசக்திச் சந்தை ஆணையம் அதனை மேற்பார்க்கிறது.

டி.சி.யும் ஏ.சி.யும் ஒரே ஊரில் சேர்ந்து வாழ்ந்த அந்தக் காலத்தில் உலகெங்கும் பொறியாளர்களுக்கு ஒரு தேவை ஏற்பட்டது. ஒன்றை மற்றொன்றாக மாற்றவேண்டும். ஏ.சி.யை டி.சி.யாக மாற்றப் பெரிய சுழலும் எந்திரங்கள் இருந்தன. அவற்றையே தலைகீழாக இயக்கினால் டி.சி. ஏ.சி.யாக வெளிவரும். தலைகீழாக்குவது என்ற பொருளிலிருந்தே இன்வெர்ட்டர் என்ற பெயர் வந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் பிரின்ஸ் என்னும் பொறியாளர் 1925இல் இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். பின்னர் 1947இல் டிரான்சிஸ்டரும் 1957இல் தைரிஸ்டரும் வந்தன. அறை நிறைய இருந்த எந்திரத்தின் வேலையைச் சிறு சில்லுகள் செய்யத் தொடங்கின. அந்த வேலை என்ன? பாட்டரியின் மின்சாரத்தை ஒரு விநாடிக்குள் நூறு முறை திசை மாற்றித் திருப்பிவிட்டு, அழுத்தத்தை 12 வோல்ட்டிலிருந்து 230 வோல்ட்டுக்கு ஏற்றுவதுதான்.

இன்று லிட்டில் இந்தியாவின் ஓரத்தில், ஜாலான் புசார் சாலையில், சிம் லிம் டவர் என்ற கட்டடம் இருக்கிறது. மின்னணு உதிரிப் பொருள்களுக்குப் பெயர்போன இடம் அது. மெக்கன்சி சாலையில் ஒரு காலத்தில் நிலக்கரியும் கொதிகலனும் வைத்துச் செய்த தொழில், அங்கிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு மேசைமேல் வைக்கும் பெட்டியில் அடங்கி நிற்கிறது.

இங்கேதான் நாம் முக்கியமாகப் புரிந்துகொள்ளவேண்டியது இருக்கிறது. இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீட்டில் ஒரு சிறிய மின் நிலையம் இருக்கிறது. வெறும் மின்சாரம் வாங்கும் வீடாக இருந்தது, இப்போது மின்சாரம் உற்பத்தி செய்யும் வீடாகிவிட்டது. ஆகவே ஒரு மின் நிலையத்துக்கு என்னென்ன கடமைகள் உண்டோ அவையெல்லாம் அந்த வீட்டுக்காரர் தலையில் வந்து விழுகின்றன. பாட்டரி 12 வோல்ட்தானே, தொட்டால் என்ன ஆகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பெட்டிக்குள் நுழைவதுதான் 12 வோல்ட். வெளியே வருவது 230 வோல்ட். செயிண்ட் ஜேம்ஸ் நிலையத்துக் கரண்டு கொல்லும் என்றால் இதுவும் கொல்லும்.

மின் நிலையத்தின் முதல் கடமை, தன் மின்சாரம் போகக்கூடாத கம்பிக்குள் போகாமல் பார்ப்பது. கரண்டு நின்றவுடன் சிலர் என்ன செய்கிறார்கள்? இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு ஒயரைச் செய்து, ஒரு முனையை இன்வெர்ட்டரிலும் மறு முனையைச் சுவரில் இருக்கும் சாக்கெட்டிலும் செருகிவிடுகிறார்கள். வீடு முழுவதும் விளக்கு எரிகிறது. கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் அந்த மின்சாரம் வீட்டோடு நிற்காது. மெயின் சுவிட்சைத் தாண்டித் தெருக் கம்பிக்குப் போகும். தெருமுனையில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஏற்றவும் தெரியும், இறக்கவும் தெரியும். பதினோராயிரம் வோல்ட்டை 230ஆக இறக்கும் கருவிக்குள் பின்பக்கமாக 230ஐச் செலுத்தினால், முன்பக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக அது வெளிவரும். பாரம் அதிகமாக இருந்தால் சிறு இன்வெர்ட்டர் தாங்காமல் நின்றுவிடலாம். ஆனால் புயலில் கம்பி அறுந்து, பாரம் குறைந்து தொங்கும்போது? அந்தக் கம்பியைச் சரிசெய்ய லைன்மேன் ஏறுகிறார். கரண்டு நின்றுவிட்டது என்று நம்பி ஏறுகிறார். நம் வீட்டுப் பிளக்கிலிருந்து சென்ற மின்சாரம் அவரைக் கொல்லும். அவரும் ஒரு தொழிலாளிதான். அவருக்கும் பிள்ளைகள் உண்டு.

இரண்டு பக்கமும் பிளக் உள்ள அந்த ஒயருக்கு இன்னொரு கேடும் உண்டு. ஒரு முனையைக் கழற்றிக் கையில் பிடித்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைக் கால்களில் 230 வோல்ட் நிற்கும். ஒரு குழந்தை அதைத் தொட ஒரு விநாடி போதும்.

இந்த அபாயத்துக்குப் பொறியாளர்கள் கண்ட விடை சேஞ்சோவர் சுவிட்ச். தண்டவாளத்தில் இரண்டு பாதைகள் சேரும் இடத்தில் ரயில் ஏதாவது ஒரு பாதையில்தான் போகமுடியும். அதுபோல வீட்டு விளக்குகள் ஒன்று கம்பெனி மின்சாரத்தோடு சேரும், அல்லது இன்வெர்ட்டரோடு சேரும். இரண்டோடும் ஒரே நேரத்தில் சேரவே முடியாதபடி அந்தச் சுவிட்ச் அமைந்திருக்கும். உயிர்க் கம்பி, நியூட்ரல் கம்பி இரண்டையும் அது சேர்த்தே மாற்றவேண்டும். பல இன்வெர்ட்டர்களுக்குள் இந்தச் சுவிட்ச் தானாகவே இயங்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட பெட்டியின் பின்புறம் ஏ.சி. உள்வழி, ஏ.சி. வெளிவழி என இரண்டு இணைப்பிடங்கள் இருக்கும். கம்பெனி மின்சாரம் உள்வழியில் மட்டுமே வரவேண்டும். வீட்டு விளக்குகளுக்கான தனி ஒயர் வெளிவழியிலிருந்து மட்டுமே போகவேண்டும். இரண்டும் மாறிவிட்டால், வாளை இழுக்கும் இருவரும் எதிரெதிர்த் தாளத்தில் இழுத்தது போலாகும். பெட்டி வெடித்துத் தீப்பிடிக்கலாம். வெளிவழியிலிருந்து வரும் நியூட்ரல் கம்பியை வீட்டின் பழைய நியூட்ரலோடு எங்கேயும் முடிச்சுப் போடவும் கூடாது.

சிங்கப்பூர் இந்தப் பாடத்தைச் சூரிய ஒளி மின்சாரத்தில் கடைப்பிடிக்கிறது. 2008இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் சிராங்கூன் நார்த், செம்பவாங் வட்டாரங்களில் சில அடுக்குமாடிக் கூரைகளில் சூரியத் தகடுகளைச் சோதனையாகப் பொருத்தியது. 2021இல் தெங்கே நீர்த்தேக்கத்தின்மேல் 60 மெகாவாட் உச்சத் திறனுள்ள மிதக்கும் சூரிய மின்பண்ணை திறக்கப்பட்டது. தகடுகள் தருவது டி.சி. அதை ஏ.சி.யாக்கி ஊர்க் கம்பியில் சேர்ப்பது இன்வெர்ட்டர். ஊர்க் கம்பியில் மின்சாரம் நின்றுவிட்டால் இத்தகைய இன்வெர்ட்டர்கள் இரண்டு விநாடிக்குள் தாமாகவே நின்றுவிடவேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட விதி. எதற்காக? கம்பத்தில் ஏறும் மனிதருக்காக. பல கோடி வெள்ளி பெறும் மின்பண்ணைக்கே இந்த விதி என்றால், நம் வீட்டுப் பெட்டிக்கு விலக்கு உண்டா?

இரண்டாவது கடமை எர்த் என்னும் மண் இணைப்பு. மூன்று கால் பிளக்கை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பிரிட்டனில் இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947இல், அதற்கான தரம் வகுக்கப்பட்டது. அந்த அமைப்பே சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்தது. அதன் நடுக்கால் மற்ற இரண்டையும்விட நீளமானது. அது எர்த் கால். பிளக்கைச் செருகும்போது அது முதலில் நுழைகிறது, எடுக்கும்போது கடைசியில் வெளிவருகிறது. அதாவது பாதுகாப்பு முதலில் வந்து கடைசியில் போகிறது. அந்தக் கால் நுழைந்தால்தான் மற்ற இரண்டு துளைகளின் மூடி திறக்கும். இவ்வளவு யோசித்துச் செய்த காலைச் சிலர் முறித்துவிட்டு, இரண்டு கால் ஓட்டைக்குள் நுழைக்கிறார்கள். குச்சியால் மூடியைத் திறந்து ஒயரைச் சொருகுகிறவர்களும் உண்டு. இரும்புப் பெட்டி உள்ள இன்வெர்ட்டருக்கு எர்த் கம்பி இல்லாவிட்டால், உள்ளே ஒரு ஒயர் உரசிய நாளில் பெட்டி முழுவதும் கரண்டாகிவிடும்.

ஒயரின் நிறத்திலும் எச்சரிக்கை வேண்டும். பழைய வீடுகளில் சிவப்பு உயிர்க் கம்பி, கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இன்வெர்ட்டரோடு வரும் ஒயரில் பெரும்பாலும் பழுப்பு உயிர்க் கம்பி, நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். சிங்கப்பூரில் 2009 முதல் வீட்டு ஒயரிங்கிலும் புதிய நிறங்கள் வந்துவிட்டன. அந்த முறைப்படி மூன்று பேஸ் இணைப்பில் கறுப்பும் ஓர் உயிர்க் கம்பி. பழைய முறையில் கறுப்பு என்றால் தீங்கற்றது என்று பழகிய கை, புதிய முறையில் சாவைத் தொடும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. சோதனைக் கருவியால் பார்த்தே தொடவேண்டும்.

மூன்றாவது கடமை, பழுது நேர்ந்த நொடியில் மின்சாரத்தை நிறுத்துவது. பழைய பியூஸ் கம்பி அதிக மின்னோட்டம் வந்தால் உருகி அறுந்துவிடும். ஒயர் எரியாமல் அது காக்கும். மனிதனைக் காக்க அது போதாது. ஒரு வீட்டு பியூஸ் அறுவதற்குப் பல ஆம்பியர் வேண்டும். மனித இதயத்தை நிறுத்த அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம்.

இந்தக் குறையை நீக்கியது ஒரு தொழிலாளர் துயரம். தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில், ஈரமும் இருளும் நிறைந்த குழிகளில், மின்சார அதிர்ச்சி பெரிய அபாயமாக இருந்தது. 1950களின் நடுவில் ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் அந்தச் சுரங்கங்களுக்காக ஒரு கருவியை உருவாக்கினார். உயிர்க் கம்பியில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கவேண்டும். கணக்கில் குறைந்தால் அது எங்கோ மண்ணுக்குக் கசிகிறது, ஒருவேளை ஒரு மனிதன் வழியாகவே கசிகிறது என்று பொருள். உடனே இணைப்பை வெட்டிவிடவேண்டும். இந்தக் கணக்குப் பிள்ளை வேலையைச் செய்யும் கருவிகளின் இன்றைய வடிவமே ஆர்.சி.சி.பி. வீடுகளில் வைப்பது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும்.

சிங்கப்பூரில் 1985 ஜூலையிலிருந்து கட்டப்பட்ட வீடுகளில் இக்கருவி கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன் கட்டிய வீடுகள் பலவற்றில் அது இல்லாமலே இருந்தது. 2023 ஜூலையில் எல்லா வீடுகளுக்கும் அது கட்டாயம் என விதி வந்தது. பொருத்திக்கொள்ள 2025 ஜூலை முதல் நாள்வரை அவகாசம் தரப்பட்டது. லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகள் 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டவை. அவற்றின் முகப்பும் ஐந்தடிப் பாதையும் பழைமை மாறாமல் இருக்கலாம். சுவருக்குள் ஓடும் ஒயர் பழையதாக இருக்கக்கூடாது.

ஆனால் இன்வெர்ட்டர் வைத்தவர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். ஆர்.சி.சி.பி. வேலை செய்வதற்கு, கசிந்த மின்சாரம் மண் வழியாகப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப ஒரு பாதை வேண்டும். கம்பெனி மின்சாரத்தில் அந்தப் பாதை டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது. அங்கே நியூட்ரல் மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கிறது. கரண்டு நின்று இன்வெர்ட்டர் தனியாக ஓடும்போது, புறப்படும் இடம் அந்தப் பெட்டியே. அங்கே நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருக்காவிட்டால் ஆர்.சி.சி.பி. கண் இருந்தும் குருடாகிவிடும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது வெட்டும், நாமும் நம்பிவிடுவோம். ஆனால் பழுது நேரும்போது வெட்டாது. சில இன்வெர்ட்டர்கள் இந்த இணைப்பைத் தாமே செய்துகொள்ளும். சிலவற்றில் வெளியே செய்யவேண்டும். மலிவான சிலவற்றிலோ அப்படிச் செய்தால் பெட்டியே எரிந்துவிடும். இதை ஊகித்துச் செய்யக்கூடாது. பெட்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்து, தெரிந்த மின்பணியாளர்தான் முடிவு செய்யவேண்டும்.

நான்காவது கடமை அளவறிந்து நடப்பது. 1000 வாட் இன்வெர்ட்டர் என்றால் 230 வோல்ட் பக்கத்தில் ஏறத்தாழ நான்கரை ஆம்பியர்தான் ஓடும். ஆனால் 12 வோல்ட் பாட்டரிப் பக்கத்தில் அதே சக்திக்கு 83 ஆம்பியருக்கு மேல் ஓடவேண்டும். ஆகவே பாட்டரி ஒயர் விரல் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்கவேண்டும். பாட்டரிக்கு அருகிலேயே பியூஸ் இருக்கவேண்டும். மெல்லிய ஒயர் போட்டால் அது அடுப்புக் கம்பிபோல் சிவந்துவிடும். வெளிவழியிலும் தனி பிரேக்கர் வேண்டும். விளக்கு, விசிறி, தொலைக்காட்சி இவற்றுக்கு மட்டும் இன்வெர்ட்டர் மின்சாரம் போகட்டும். இஸ்திரிப் பெட்டியும் சோறாக்கும் மின்பானையும் அதில் சேரவேண்டாம். பாட்டரி சார்ஜ் ஆகும்போது எரியக்கூடிய வாயு வெளிவருவது உண்டு. காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் தொலைவில் அது இருக்கட்டும்.

இந்தக் கடமைகளை எல்லாம் யார் செய்வது? சிங்கப்பூரில் உரிமம் பெற்ற மின்பணியாளர் மட்டுமே வீட்டு ஒயரிங்கில் கைவைக்கலாம். தீபாவளிக்குச் சிராங்கூன் சாலை விளக்குகளால் மின்னுகிறதே, அந்தத் தற்காலிக இணைப்புகளுக்கும் தகுதி பெற்றவர்களே பொறுப்பு. தோட்டங்களில் அண்ணன் தம்பிகள் சேர்ந்து கம்பி இழுப்பது பழக்கமாக இருந்திருக்கலாம். கட்டணத்தை நினைத்துத் தயங்குவதும் இயல்பே. ஆனால் ஒரு செய்தியைத் தோட்டத்தில் குடியிருப்போர் மறக்கக்கூடாது. மலேசியாவில் தொழிலாளர் குடியிருப்பு வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990இல் வந்தது. தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய மின்சாரமும் நீரும் தரவேண்டியதும், வீட்டைப் பழுது பார்க்கவேண்டியதும் முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. உளுத்துப்போன ஒயரை மாற்றித் தரும்படி கேட்பது கெஞ்சல் அன்று, உரிமை. தனியாகக் கேட்கத் தயங்கினால் சங்கத்தின் மூலம் கேட்கலாம்.

2018 செப்டம்பர் 18ஆம் நாள் அதிகாலையில் சிங்கப்பூரில் ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரம் வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் நின்றது. 38 நிமிடங்களில் எல்லோருக்கும் திரும்பிவிட்டது. அதுவே அங்கே பெரிய செய்தியாயிற்று. தோட்டப்புறத்தில் மழைக் காற்றில் மரம் விழுந்தால் பல மணி நேரம் இருளில் இருக்கிறோம். அங்குள்ள வசதி நமக்கு இல்லாதபோது, அங்குள்ள எச்சரிக்கையாவது நமக்கு வேண்டும். மின்சாரம் குறைவாகக் கிடைக்கும் இடத்தில்தான் அதைப் பற்றிய அறிவு அதிகமாகத் தேவைப்படுகிறது.

ஆகவே நேயர்களே, இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டார் இந்த வாரமே சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். இரு முனைப் பிளக் ஒயர் வீட்டில் இருந்தால் இன்றே வெட்டி எறியுங்கள். சேஞ்சோவர் சுவிட்ச் உண்டா, எர்த் கம்பி உண்டா, ஆர்.சி.சி.பி. உண்டா என்று பாருங்கள். பெட்டியைத் திறக்கவேண்டுமானால் கம்பெனி மின்சாரம், பாட்டரி இரண்டையும் துண்டித்துச் சில நிமிடம் பொறுங்கள். இரண்டையும் நிறுத்திய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். ஒயரிங் வேலையை உரிமம் உள்ளவரிடமே ஒப்படையுங்கள். அவர் வேலை செய்யும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி, எது எதற்கு என்று கேட்கச் சொல்லுங்கள். மண்ணைத் தோண்டிக் கம்பி புதைத்த தலைமுறைக்கு அந்தக் கம்பிக்குள் ஓடியது என்னவென்று யாரும் சொல்லித் தரவில்லை. நம் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ளட்டும். அவர்களில் சிலர் நாளை உரிமம் பெற்ற மின்பணியாளர்களாக நம் வீடுகளுக்கே வரட்டும்.